பிள்ளையின் எலும்பும் பெரியோரின் கடமையும்

மனிதன் தன் அறியாமைக்கு இட்டு வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் மிகப் பழையதும் மிக வசதியானதும் ‘விதி’ என்பதேயாகும். வசதி யாதெனின், ஒரு துன்பத்தை விதியென்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் அத்துன்பத்தின்பால் நமக்குள்ள பொறுப்பு முடிவுபெற்று விடுகின்றது. அழுவோம்; ஆறுதல் கூறுவோம்; அதற்குமேல் செய்யத்தக்கது யாதுமில்லையென்று கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிடுவோம்.

ஆயினும் விதியின் எல்லை என்றும் ஓரிடத்திலேயே நிற்பதன்று. பெரியம்மை ஒருகாலத்தில் விதியாகவே இருந்தது. 1796ஆம் ஆண்டில் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் அம்மை குத்தும் முறையைச் செய்து காட்டிய நாள்முதல், அது மெல்ல மெல்ல விதியின் ஆட்சியினின்றும் விலகி மனிதக் கடமையின் ஆட்சிக்குள் வந்தது. 1980ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், குத்திக்கொள்ள வழியிருந்தும் குத்தாது விடப்பட்டு மாண்ட குழந்தை விதியால் மாண்டதன்று. மனிதரின் அசட்டையால் மாண்டதேயாம். அறிவு எங்கே காலடி வைக்கின்றதோ அங்கிருந்து விதி வெளியேறுகின்றது. அது காலி செய்த இடத்தில் கடமை குடியேறுகின்றது.

இங்ஙனம் நம் காலத்திலேயே நகர்ந்துவிட்ட ஓர் எல்லையைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நெடுங்கால அழற்சி நோயால் பீடிக்கப்பட்ட பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியே அது. கேட்பதற்கு இது வைத்தியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்போல் தோன்றலாம். உள்ளே நுழைந்து பார்ப்போமாயின், காலம் தாழ்த்திச் செய்யும் நன்மை நன்மையாகுமா என்னும் பழைய அறக்கேள்வியே எலும்பின் உருவத்தில் நிற்பதைக் காண்போம்.

நோயும் வளர்ச்சியும்

லண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்ட் வீதியிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் பிரடரிக் ஸ்டில் என்னும் இளம் வைத்தியர் பணியாற்றினார். நெடுநாளாக மூட்டு வீக்கத்தால் வருந்திய 22 குழந்தைகளை ஆராய்ந்து, 1897ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரியோர்க்கு வரும் மூட்டுவாதத்தினின்றும் வேறுபட்ட நோய் குழந்தைகட்கு உண்டென்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. அதில் அவர் குறித்த மற்றொரு செய்தியே நமக்கு இங்கு முக்கியமானது. இளமையிலேயே நோய் பற்றிய பிள்ளைகள் வளராது நின்றுவிட்டனர். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை ஆறேழு வயதுப் பிள்ளைபோல் காணப்பட்டது. மூட்டில் நோய், ஆனால் நின்றுபோனது முழு உடலின் வளர்ச்சி. இஃது ஏன் என்பதை அறிய அன்று வழியில்லை.

இன்று வழியுண்டு. எலும்பு, உயிரற்ற கம்பு போன்றதன்று. பிள்ளையின் நீண்ட எலும்புகள் ஒவ்வொன்றின் முனையருகிலும் மெல்லிய குருத்தெலும்புத் தகடு ஒன்று இருக்கின்றது. அதனை வளர்ச்சித் தட்டு என்பர். அங்குள்ள உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய்ப் பெருகிப் பருத்து, பின் எலும்புக்கு இடங்கொடுத்து மறைகின்றன. இவ்வாறே எலும்பு நீள்கின்றது. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க, அதன் ஏவலால் ஈரல் ‘ஐ.ஜி.எஃப். 1’ என்னும் பொருளைச் செய்து இரத்தத்தில் விட, அது வளர்ச்சித் தட்டை ஊக்குவிக்கின்றது. நல்லுணவும் வேண்டும், உறக்கமும் வேண்டும். இத்தனையும் ஒத்துழைத்தால், நான்கைந்து வயதுக்குமேல் பருவம் எய்தும் வரையில் பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் உயர்கின்றது.

இனி அழற்சி செய்வதைக் காண்போம். நோய் எதிர்ப்புச் சக்தியானது பகைவனைக் கண்டு போரிட வேண்டியதாயிருக்க, சில பிள்ளைகளிடத்து அது தன் வீட்டையே பகைவன் கோட்டையென்று மயங்கித் தாக்குகின்றது. மூட்டைத் தாக்கினால் மூட்டழற்சி. குடலைத் தாக்கினால் குரோன் நோய். இப்போரில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி விடுக்கச் சில பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. ‘டி.என்.எஃப்.’ எனவும், ‘இன்டர்லூகின் 1’, ‘இன்டர்லூகின் 6’ எனவும் அவை பெயர் பெறும். இச்செய்திகள் போர்க்களத்தோடு நில்லாமல் உடலெங்கும் ஓடுகின்றன. பசியை அடக்குகின்றன, ஐ.ஜி.எஃப். 1 என்னும் வளர்ச்சித் தூதனின் அளவைக் குறைக்கின்றன. வளர்ச்சித் தட்டிலேயே புகுந்து பெருக்கத்தைத் தடுக்கின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்களை ஏவி உள்ள எலும்பையும் மெலிவிக்கின்றன. இத்தாலிய வைத்தியராகிய டி பெனெடெட்டியும் அவர்தம் கூட்டத்தாரும் 1997ஆம் ஆண்டில் இதனைச் சுண்டெலிகளிடத்துத் தெளிவாகக் காட்டினர். இன்டர்லூகின் 6 மிகுதியாக ஊறும்படி செய்யப்பட்ட எலிகள், உடன்பிறந்த எலிகளின் அளவில் 50 முதல் 70 சதவீதமே வளர்ந்தன. அப்பொருளின் வேலையைத் தடுத்தபோது அக்குறை ஒருவாறு நீங்கிற்று.

இதில் விந்தையொன்றுமுண்டு. ஒரு முழங்கால் மட்டும் அழன்றிருக்கும் இளம்பிள்ளைக்கு அவ்விடத்தில் இரத்தவோட்டம் மிகுவதால், அந்தக் கால் மற்றதைவிட நீண்டுவிடுவதுண்டு. தாடை மூட்டைப் பற்றிய நோயோ கீழ்த்தாடையை வளரவொட்டாது சிறுத்துவிடச் செய்யும். ஒரே நோய் ஓரிடத்தில் நீட்டுகின்றது, ஓரிடத்தில் குறுக்குகின்றது. ஆகவே, ‘வயதானால் தானே சரியாகிவிடும்’ என்று கூறுவோர், வயது எதைச் சரியாக்கும், எதை நிலைப்படுத்திவிடும் என்பதை அறியாது கூறுகின்றனர்.

மூடும் கதவு

இங்கேதான் இவ்விஷயத்தின் உயிர்நாடி இருக்கின்றது. வளர்ச்சித் தட்டு என்றென்றும் திறந்திருப்பதன்று. பருவம் எய்தி முதிருங்கால் அக்குருத்து முழுவதும் எலும்பாகி மூடிவிடுகின்றது. பெண்பிள்ளைகட்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும், ஆண்பிள்ளைகட்கு 16, 17 வயதிலும் இது நிகழும். மூடிய பின்னர் எந்த மருந்தும் எந்த உணவும் எவ்வளவு பணமும் அதனைத் திறவா. எலும்பின் உறுதியும் அவ்வாறே. மனிதன் ஆயுள் முழுவதும் செலவிடும் எலும்புச் செல்வத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பருவ வளர்ச்சி உச்சத்தையொட்டிய ஈராண்டுகளிலேயே அவன் சேமிக்கின்றான். அச்சேமிப்பு தவறினால், அறுபதாவது வயதில் கால் இடறியபோது எலும்பு முறிந்து கணக்குக் கேட்கும்.

ஆனால் இயற்கை கொடியது மட்டுமன்று. ஒரு கருணையும் அதற்குண்டு. நோயோ பட்டினியோ நீங்கியதும், இழந்ததை மீட்கப் பிள்ளையின் உடல் வழக்கத்தினும் விரைவாக வளர்கின்றது. பிராடர், டானர், வான் ஹார்னாக் என்னும் மூவர் 1963ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து ‘எட்டிப்பிடிக்கும் வளர்ச்சி’ என்னும் கருத்தை நிலைநாட்டினர். கடன்பட்ட பிள்ளைக்கு இயற்கை தவணை கொடுக்கின்றது. ஆயினும் அத்தவணைக்கு முடிவு நாள் ஒன்றுண்டு. அது வளர்ச்சித் தட்டு மூடும் நாளேயாம்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த மருந்து

1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ வைத்தியசாலையில் ஹென்ச் என்னும் வைத்தியர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கெண்டல் என்பார் பிரித்தெடுத்த கார்ட்டிசோனைக் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950ஆம் ஆண்டில் அவ்விருவர்க்கும் ரைஷ்டைன் என்னும் சுவிஸ் அறிஞர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பிள்ளைகட்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, வலி ஒழிந்தது, பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் இவ்வினத்து மருந்துகளாகிய ஸ்டீராய்டுகள் நெடுநாள் மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டால், அவையே வளர்ச்சித் தட்டை உறங்கச் செய்து, எலும்பைக் கட்டும் அணுக்களையும் அடக்கிவிடுகின்றன. நோயும் வளர்ச்சியைத் தடுத்தது. நோய்க்கு மருந்தும் வளர்ச்சியைத் தடுத்தது. பிள்ளையின் இன்றைய வலியை நீக்க நாளைய உடலை விலையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதனைக் கொடுத்த வைத்தியரைக் குறை கூறல் நியாயமன்று. வேறு வழியில்லாதபோது குறைந்த தீமையைத் தேர்ந்துகொள்வதே அறமாகும். ஆனால் வேறு வழி பிறந்த பின்னும் அதே தீமையைத் தொடர்வது அறமாகாது.

வேறு வழி ஒவ்வொன்றாய்ப் பிறந்தது. மலிவான மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் பிள்ளைகளின் மூட்டழற்சிக்குப் பயன்படுமென்பதை, அமெரிக்க வைத்தியர்களும் சோவியத் வைத்தியர்களும் ஒன்றுகூடி 127 பிள்ளைகளிடத்துச் சோதித்து 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒருவரையொருவர் அழிக்க அணுகுண்டு அடுக்கி வைத்திருந்த இரு வல்லரசுகள், குழந்தையின் முழங்கால் விஷயத்தில் ஒன்றுபட்டமை சிந்திக்கத்தக்கது. இன்றும் பல பிள்ளைகட்கு இம்மருந்தே போதுமானதாயிருக்கின்றது. குரோன் நோயிலோ, சில வாரங்கள் வேறெதுவுமின்றிச் சத்துநீருணவு மட்டும் கொடுப்பதே பிள்ளைகளின் அழற்சியைத் தணித்து, ஸ்டீராய்டின் தேவையைத் தவிர்க்க வல்லதென்று கண்டனர். சிறந்தது யாவும் விலையுயர்ந்ததே என்னும் எண்ணமும் ஒரு மூடநம்பிக்கைதான்.

உயிரியல் மருந்துகள்

இவற்றாலும் அடங்காத நோய்க்கு வந்தவையே உயிரியல் மருந்துகள். சாதாரண மருந்து இரசாயனச் சாலையில் கூட்டிச் செய்யப்படுவது. இவையோ உயிருள்ள அணுக்களை வளர்த்து, அவற்றைக்கொண்டு செய்விக்கப்படும் புரதங்கள். 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டுமளவு விளைவிக்கும் முறையைக் கண்டனர். அம்முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உலகம் அதனைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. 1992ஆம் ஆண்டில் லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் பெல்ட்மன், மைனி என்னும் அறிஞர் இருவர், டி.என்.எஃப்.பைக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளை மூட்டுவாதக்காரர் 20 பேர்க்குச் செலுத்தி அதன் நன்மையைக் கண்டனர். உடல் முழுவதையும் அடக்கும் மருந்து போய், கலகம் விளைக்கும் செய்தியொன்றை மட்டும் தேர்ந்து மறிக்கும் மருந்து வந்தது.

பிள்ளைகளிடத்து நடந்த முதற் பெரிய சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காத மூட்டழற்சியுடைய 69 பிள்ளைகட்கு எட்டனர்செப்ட் என்னும் மருந்து ஊசிமூலம் கொடுக்கப்பட்டது. 51 பேர் குணம் கண்டனர். பின்னர் அவர்களை இரு கூறாகப் பிரித்து, 25 பேர்க்கு மருந்தும் 26 பேர்க்கு மருந்தற்ற போலி ஊசியும் போட்டனர். மருந்து பெற்றோருள் 7 பேர்க்கே நோய் திரும்பிற்று. போலி ஊசி பெற்றோருள் 21 பேர்க்குத் திரும்பிற்று. நோய் திரும்பியோர் மறுபடியும் மருந்து பெறலாயினர். 2012ஆம் ஆண்டில், காய்ச்சலோடு கூடி உடலெங்கும் பரவும் கொடிய வகையுள்ள 112 பிள்ளைகளிடத்து, இன்டர்லூகின் 6இன் வேலையைத் தடுக்கும் டொசிலிசுமாப் சோதிக்கப்பட்டது. பன்னிரண்டு வாரத்தில் மருந்து பெற்றோருள் 85 சதவீதத்தினரும், பெறாதோருள் 24 சதவீதத்தினருமே குணமடைந்தனர். அப்பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, நின்றிருந்த வளர்ச்சி மறுபடியும் கிளம்பியதும், ஐ.ஜி.எஃப். 1 உயர்ந்ததும் தெரியவந்தன. எலிகளிடத்துக் கண்ட உண்மை பிள்ளைகளிடத்து மெய்யாயிற்று.

இந்த எண்களைப் படிக்குங்கால் நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். போலி ஊசி பெற்று நோய் திரும்பிய அந்த 21 பிள்ளைகள் யாவர்? பெயர் நமக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை. அவர்கள் மீண்டும் அனுபவித்த வலியினால் அன்றோ உலகம் இம்மருந்தின் உண்மையை அறிந்தது! இந்த அறிவு, பணத்தால் மட்டும் வாங்கப்பட்டதன்று. குழந்தைகளின் நோவினாலும் வாங்கப்பட்டது. அங்ஙனமாயின், அதன் பயனைப் பணமுடைய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக்க எவர்க்கு உரிமையுண்டு?

கூறப்படும் தடைகள்

இதற்கு மாறாகச் சிலர் மூன்று தடைகளைக் கூறுவர்.

முதலாவது, ‘உயரம் குறைந்தாலென்ன? குள்ளம் ஓர் இழிவா?’ என்பது. இழிவன்று. மனிதனின் மதிப்பை முழக்கோலால் அளப்பவன் சாதியால் அளப்பவனினும் மேலானவனல்லன். உயரம் குறைந்தோரை எள்ளி நகையாடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது வேரோடு களையப்பட வேண்டியதே. ஆயினும், ஒருவன் இயல்பாகவே குறுகிய உருவம் உடையவனாயிருப்பது வேறு. நோய் அவனிடமிருந்து திருடிக்கொண்டு போவது வேறு. ஏழையாயிருப்பது இழிவன்று என்பதால் கொள்ளையைத் தடுக்க வேண்டுவதில்லையென்று யாரும் வாதியார். அன்றியும், வளர்ச்சி நின்றமை வெறும் அழகின் குறைவன்று. உள்ளே அழற்சி இன்னும் அணையவில்லை என்பதற்கு அது சாட்சி. மூட்டும் குடலும் எலும்பும் இன்னும் வெந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அது கொடி. கொடியைப் பொருட்படுத்தாதவன் தீயையும் பொருட்படுத்தாதவனாகின்றான்.

இரண்டாவது, ‘மருந்தில் அபாயமுண்டே’ என்பது. உண்டு, அதனை மறைத்தல் பாவம். டி.என்.எஃப். உடலைக் காவல் செய்யும் பொருளுமாகையால், அதனைக் கட்டினால் உறங்கிக் கிடந்த க்ஷயரோகம் விழித்தெழக்கூடும். 2001ஆம் ஆண்டிலேயே இவ்வாறு நேர்ந்த பல நிகழ்ச்சிகள் தொகுத்து வெளியிடப்பட்டன. க்ஷயம் இன்னும் ஒழியாத நம் நாட்டில், மருந்து தொடங்குமுன் அதற்குரிய சோதனை செய்தல் இன்றியமையாதது. பிள்ளைகட்குப் புற்றுநோய் உண்டாகக்கூடும் என்னும் எச்சரிக்கையையும் 2009ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இம்மருந்துகளின்மேல் இடச் செய்தது. பின்னர் 2012இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியொன்று, இம்மருந்துகள் பெறாத நோயுற்ற பிள்ளைகளிடத்தும் அவ்வபாயம் ஓரளவு மிகுந்திருந்ததாகவும், மருந்தினால் அது தெளிவாக உயர்ந்ததாகத் தெரியவில்லையென்றும் காட்டிற்று. எனினும் விழிப்பு வேண்டுவதே.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மருந்து கொடுத்துத் தீங்கு வந்தால், ‘நான் கொடுத்தேனே’ என்று தந்தை வருந்துவான். கொடாது விட்டுத் தீங்கு வந்தால், ‘விதி’ என்று ஆறுவான். ஆதலால் செய்கையின் தீங்கைக் காட்டிலும் செய்யாமையின் தீங்கு மனத்துக்கு இலேசாகத் தோன்றுகின்றது. ஆனால் பிள்ளையின் எலும்புக்கு இந்த வேற்றுமை தெரியாது. அதற்கு இரண்டும் தீங்கே. பெற்றோர் தமக்கு மன அமைதி தரும் வழியைத் தேடுதல் கூடாது. பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, எல்லாம் அறிந்து, ‘எனக்காக நீங்கள் என்ன தேர்ந்தீர்கள்?’ என்று கேட்கும் நாளில் நாணாது விடை கூறத்தக்க வழியைத் தேட வேண்டும். இன்று அவன் வாய் பேசாது. அவன் சார்பில் பேசவே நாம் இருக்கின்றோம்.

மூன்றாவது தடை பணம். இதுவே மெய்யான தடை. இம்மருந்துகளின் ஓராண்டுச் செலவு, தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிட வல்லது. ‘ஒரு பிள்ளையின் எலும்புக்குச் செலவிடும் தொகையில் நூறு பிள்ளைகட்குப் பாலும் ஊசியும் கொடுக்கலாமே, எது நீதி?’ என்று கேட்பாருளர். கேள்வி நேர்மையானதே. ஆயினும் ஒருவரையொருவர் பகைத்து நிற்பவர்போல் பசித்த பிள்ளையையும் நோயுற்ற பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்துவது யார்? பொதுப்பணம் பிள்ளைகட்கென்றே இவ்வளவுதான் என்று முன்னமே வரையறுத்துவிட்டு, அதற்குள் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள் என்பது நீதியின் கேள்வியாகாது. விலையும் இயற்கையாய் அமைந்ததன்று; மனிதர் வைத்ததே. காப்புரிமைக் காலம் கழிந்ததும் பிறரும் செய்யத் தொடங்கினால் விலை இறங்குகின்றது. 2014ஆம் ஆண்டில் இந்தியாவில் ஜைடஸ் கம்பெனியார் அடலிமுமாப் என்னும் மருந்துக்கு ஒப்பானதை உலகிலேயே முதலாவதாகச் செய்து குறைந்த விலையில் வெளியிட்டனர். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அடலிமுமாபைத் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றியமையாதது என்று உலகமே ஒப்புக்கொண்ட பின்னர், அதனை ஆடம்பரம் என்று எந்த அரசாங்கமும் சொல்ல இயலாது.

தாமதமும் ஒரு மறுப்பே

தடைகள் நீங்கின் எஞ்சி நிற்பது காலம். பெரியோர்க்குச் செய்யும் நன்மைகளிற் பல, இன்று செய்யாவிடின் நாளை செய்யத்தக்கவை. வீடில்லாதவனுக்கு இவ்வாண்டு வீடு கொடாமல் அடுத்த ஆண்டு கொடுத்தால், ஓராண்டு துன்பம் அவனுக்கு மிகுந்தது. ஆயினும் வீடு வீடாகவே கிடைத்தது. வளரும் பிள்ளைக்கு அவ்வாறன்று. பதினொரு வயதில் கிடைக்க வேண்டியது பதினேழு வயதில் கிடைத்தால், கிடைத்தது அதே பொருளன்று. மருந்தின் பெயர் ஒன்றே, விலை ஒன்றே, ஆனால் அது வந்து தட்டும்போது கதவு மூடியிருக்கின்றது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதற்கு ஒப்பாம் அது.

இக்கூற்று வெறும் உவமையன்று. வட அமெரிக்காவில் புதிதாகக் குரோன் நோய் கண்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நோய் அறியப்பட்ட முதல் மூன்று மாதத்திற்குள் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து பெற்றோரையும், பழைய வகை மருந்து பெற்றோரையும் ஒப்பிட்டனர். ஓராண்டு முடிவில் முன்னோருள் 85 சதவீதத்தினர்க்கும், பின்னோருள் 60 சதவீதத்தினர்க்கும் நோய் அடங்கியிருந்தது. வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேற்றம் கண்டவர்களும் முன்னதாக அம்மருந்து பெற்றோரே. எனவே, ‘மற்றெல்லாம் தோற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் முறை பணப்பெட்டிக்குச் சிக்கனமாயிருக்கலாம்; கொடிய நோயுடைய பிள்ளைக்கோ அது நட்டமேயாம். எல்லாப் பிள்ளைக்கும் உடனே இம்மருந்து வேண்டுமென்று நாம் கூறவில்லை. எவர்க்கு வேண்டுமென்பதை வைத்தியர் தீர்மானிக்க. வேண்டுமென்று தீர்மானித்த பின்னர், மனுக்கள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்க, ஒரு பிள்ளையின் வளரும் காலம் கழியலாகாது என்பதே நம் வாதம். பிள்ளையின் விஷயத்தில் ‘பிறகு’ என்னும் சொல், ‘இல்லை’ என்னும் சொல்லின் மரியாதையான வடிவமேயன்றி வேறன்று.

நாம் செய்யத்தக்கது

அரசாங்கத்தின் தாமதத்தைக் கூறிய நாம், வீட்டின் தாமதத்தைக் கூறாதொழியின் நடுவுநிலைமை தவறியவராவோம். காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டுகின்றது. சிறிது நேரம் கழிந்தால் ஓடுகின்றது. ‘பள்ளிக்குப் போகச் சோம்பல்’ என்று அடிக்கின்றோம். விரல் வீங்கியிருக்கின்றது. ‘விழுந்திருப்பான்’ என்கின்றோம். உடன்பிறந்த தம்பி தோளுக்குமேல் வளர்ந்துவிட்டான். ‘கண்ணேறு’ என்று கயிறு கட்டுகின்றோம். பூசாரிக்குக் கோழி கொடுக்கின்றோம். எண்ணெய் தேய்த்து இழுக்கின்றோம். ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு இவ்வாறே கழிகின்றன. கயிறு தீங்கு செய்யாது என்பார் சிலர். கயிறு செய்யாது, கயிற்றை நம்பிக் கழித்த ஈராண்டு செய்யும்.

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு மூட்டு ஆறு வாரத்திற்கு மேல் வீங்கியிருக்குமாயின், அதனை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைப்பதோடு நில்லாமல், அதிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் உயரத்தையும் எடையையும் குறித்து வருவோமாக. பிள்ளை குட்டையா நெட்டையா என்பதன்று கேள்வி. தான் முன்பு சென்ற கோட்டினின்றும் கீழே சரிகின்றதா என்பதே கேள்வி. சுவரில் ஒரு பென்சில் கோடும் ஆறு மாதத்திற்கொருமுறை அதனருகே பிள்ளையை நிறுத்திப் பார்க்கும் கண்ணும் போதும்; செலவு ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்யலாம். சங்கங்கள் தம் ஆண்டு விழாவின் மேளதாளச் செலவில் சிறுபகுதியைக் கொண்டு செய்யலாம். சிலாங்கூரில் செலாயாங் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மூட்டுநோய்க்கென்றே தனி வைத்தியப் பகுதி உளது. தோட்டத்துப் பிள்ளை அங்குச் சென்றடைய வழி காட்டுவதும், வேலைக்கு ஒருநாள் விடுப்பும் பஸ் செலவும் இல்லாமையால் தாய் தயங்குவாளாயின் அவற்றைத் தேடிக் கொடுப்பதும், கோயிலுக்குக் கோபுரம் கட்டுவதினும் தாழ்ந்த தருமமாகாது.

நேயர்களே! நூறாண்டுகளுக்குமுன் நோயால் வளராது நின்ற பிள்ளையைக் கண்டு விதியென்றவன் பொய் சொல்லவில்லை. அவன் அறிந்தது அவ்வளவே. இன்று அச்சொல்லைச் சொல்லுபவன் தான் செய்யாது விட்டதற்குத் தெய்வத்தின் கையொப்பத்தைக் கள்ளமாய் இடுகின்றான். அறியாதவன் குற்றவாளியல்லன், அறிந்தும் தாமதிப்பவன் அவ்வாறு தப்ப முடியாது. தகப்பனாயினும், தலைவனாயினும், மந்திரியாயினும், வளரும் பிள்ளையின் முன் எல்லோரும் ஒரே கணக்குக்கு உட்பட்டவரே. நம் கூட்டங்கள் காத்திருக்கும், தீர்மானங்கள் காத்திருக்கும், வரவுசெலவுத் திட்டங்களும் காத்திருக்கும். எலும்பு காத்திராது.